மருதந்துறை வாயிலில் நாற்பதாவது தலை

மழை தன் வேளையில் பெய்க. உழுபடை மண்ணை விட்டு எழாது உழுக. வழிநடப்போர் நெஞ்சில் அச்சமின்றி நடக்க. வெண்குன்றமும் அதன் நிழலில் கிடக்கும் பதினெட்டு ஊர்களும் ஆளும் அரசி நல்லிறைவி, நம் நாட்டின் வடவாயிலும் குடவாயிலும் தென்வாயிலும் காத்து நிற்கும் காவற்றலைவர் மூவர்க்கும், அவர்தம் வீரர்க்கும், அவ்வாயில்களை அடுத்து வாழும் குடிகளுக்கும் நலம் கூறி விடுக்கும் ஓலை.

நீவிர் மூவரும் ஒருங்கே ஒப்பமிட்டு அனுப்பிய ஓலை கண்டோம். கீழ்வாயிலாகிய மருதந்துறையில் காவற்றலைவர் இருக்கை ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது என்றும், நுழைவு முத்திரை பெறாத நூற்று முப்பது பேர் அவ்வாயில் வழியே உட்புகுந்தது மெய்தானோ என்றும், மெய்யாயின் அவர்களைத் திருப்பி அனுப்பும் ஆணை எந்நாள் வரும் என்றும் கேட்டிருந்தீர். இதுபற்றி ஊரில் பேச்சு பலவாறாக உலவுவதால், நடந்ததை நடந்தபடியே எழுதுவிக்கிறோம்.

வரியாற்றுக்கு அப்பால் கிடக்கும் தாழைநாட்டில் கடல் உட்புகுந்து வயல்கள் உவர்ந்துபோனதை நீவிர் அறிவீர். முதல் ஆண்டில் வந்தவர்க்கு நாம் ஆற்றோரம் நிலம் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டில் வந்தவர்க்குக் குடிசை போட மூங்கில் கொடுத்தோம். மூன்றாம் ஆண்டில் வந்தவர்க்குக் கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆயினும் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சென்ற புரட்டாசித் திங்களில் இதுபற்றிப் பேரவை மூன்று நாள் கூடியது. மருதந்துறை உழவர் ஏற்றன் அவை நடுவே நின்று, "வந்தவங்களை நாங்க வெறுக்கல தாயே. மூணு ஊரு சனம் ஒரே கெணத்துல மொண்டா எப்படித் தாங்கும்? சேறுதான் வருது. எம்பேத்தி அந்தச் சேத்தத் தெளிய வச்சுக் குடிக்கிறா" என்று முறையிட்டார். ஏரிப்பணித் தலைவரோ, கரையை உயர்த்த வந்தவர்களின் கைகளே உதவின என்றும், அவர்களை விலக்கினால் வரும் கோடைக்கு ஏரியே இராது என்றும் வாதிட்டார். இருவர் சொல்லிலும் பொய் இல்லை. அதனாலேயே அவை முடிவுக்கு வர இயலாமல் தவித்தது.

மூன்றாம் நாள் மருதந்துறைக் காவற்றலைவர் கொற்றஞ்சேந்தனார் எழுந்தார். பத்தொன்பது ஆண்டு அவ்வாயிலில் நின்றவர், கையூட்டு அறியாதவர், வாயிலுக்கு வந்த எவர்மேலும் கோல் ஓங்காதவர். வருவோரைக் குறைத்தே ஆகவேண்டும் என்றும், குறைப்பதென்றால் ஒரே அளவாகக் குறைக்கவேண்டும் என்றும், தெரிந்தவனுக்கு ஒன்று தெரியாதவனுக்கு ஒன்று என்று வாயில் வளைந்தால் ஊரும் கெடும், வந்தவரும் கெடுவர் என்றும் அவர் சொன்னார். அவர் சொல்லுக்கு அவை தலைசாய்த்தது. நாளொன்றுக்கு நாற்பது தலை, முத்திரையோடு. முத்திரையின்றி உள்ளே இருப்போர் ஆற்றைக் கடந்து திரும்பிப் போய் வரிசையில் நின்று வருக என்று நாம் ஆணையிட்டோம். சேந்தனார் அந்த ஆணையைத் தம் தலைமேல் வைத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அவர் இல்லத்தில் அப்போது அடும்பி என்னும் தாழைநாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். சேந்தனாரின் மனைவி மகப்பேறு கழிந்த ஏழாம் நாள் இறந்துபோக, பிறந்த பெண்மகவு எழினி பாலின்றி அழுதது. அந்த வாரம்தான் அடும்பிக்கும் ஆண்மகவு பிறந்திருந்தது. கணவனை வழியில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, நிறைசூலியாய்ப் படகொன்றில் ஏறி இக்கரை சேர்ந்தவள் அவள். ஊர்ப்பெண்கள் அவளைச் சேந்தனார் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். தன் மகன் சுறவனுக்கு ஒரு பக்கமும் எழினிக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்து இருவரையும் வளர்த்தாள். அவளிடம் முத்திரை உண்டோ இல்லையோ என்று சேந்தனார் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை.

ஆணை நடப்புக்கு வந்த இரண்டாம் வாரம், காவலர் ஒரு முதியவரைப் படகில் ஏற்றியபோது அம்முதியவர் திரும்பிப் பார்த்து, "தலைவர் வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளுக்கு முத்திரை இருக்கா?" என்று கேட்டார். துறையில் நின்ற சேந்தனார் அதைக் கேட்டார். அன்று உணவு கொள்ளாமல் வீடு சென்றார். அடும்பி இரண்டு குழவிகளையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயி, உன்கிட்ட முத்திரை இருக்கா?"

"இல்லீங்கய்யா. நான் வாசல் வழியா வரலியே. படகுல வந்தேன்."

பின்னர் தம் காவலரிடம் சேந்தனார் கூறிய வண்ணம், அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. எல்லோரையும் போல் அவளையும் அனுப்புவது ஒன்று, நமக்கு ஓலை விடுத்து ஒருத்திக்கு விலக்குக் கேட்பது மற்றொன்று. கேட்டிருந்தால் நாம் தந்திருப்போம். அதை அவரும் அறிவார். ஆனால் அன்று காலை படகேறிய முதியவரின் முகம் அவர் கண்முன் நின்றது. அவர் கேட்கவில்லை.

"பத்து நாள்தான். அக்கரைக்குப் போயி வரிசைல நில்லு. முத்திரையோட வந்துடு. அப்புறம் ஒருத்தரும் உன்னை ஒண்ணும் கேக்கமுடியாது" என்றார்.

"பாப்பா என்ன பண்ணும்?"

"ஆட்டுப்பால் குடுத்துப் பாக்குறேன்."

அடும்பி எழினியின் தலையைத் துவட்டி அவர் கையில் கொடுத்தாள். சுறவனை இடுப்பில் இருத்திக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். காவற்றலைவர் தம் வீட்டிலேயே ஆணையை நிறைவேற்றினார் என்ற செய்தி நம் அவைக்கு வந்தபோது அமைச்சர் பலர் வியந்து புகழ்ந்தனர். நாமும் புகழ்ந்தோம். அதனை இங்கு மறைக்காமல் எழுதுகிறோம்.

இனிச் சொல்வது நம் குறை. வரிசை தொடங்கிய சில நாளில், தாயின் இடுப்பில் இருக்கும் குழவி தனித்தலையா, தாயோடு சேர்ந்த தலையா என்ற ஐயம் வாயிலில் எழுந்தது. ஆணையில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. கணக்கர் தனித்தலை என்றே எண்ணினார். சேந்தனார் உடனே விரைதூதன் கையில் ஓலை கொடுத்து நம்மைக் கேட்டார். அவ்வோலை நம் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அமைச்சர் ஒருவர் குழவிக்கும் தண்ணீர் வேண்டுமே என்றார். மற்றொருவர் பால் குடிக்கும் பிள்ளைக்கு என்ன தண்ணீர் என்றார். நாளை பேசலாம் என்று வைத்தோம். வேறு அலுவல் வந்தது. ஒன்பது நாள் அவ்வோலை விடையின்றிக் கிடந்தது.

அந்த ஒன்பது நாளும் அக்கரையில் அடும்பி வரிசையில் நின்றாள். ஆயிரம் பேருக்குமேல் ஆற்றோரத் தாழ்நிலத்தில் தங்கியிருந்தார்கள். நாள்தோறும் காலையில் சேந்தனார் அவளை மதில்மேல் நின்று பார்ப்பார். அவளும் பார்ப்பாள். கை அசைத்துக்கொண்டதில்லை. இங்கே எழினி ஆட்டுப்பாலைக் கக்கி, கஞ்சித் தெளிவைச் சிறிது குடித்து, அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தாள்.

ஐப்பசித் திங்கள் பன்னிரண்டாம் நாள் அடும்பியின் முறை வந்தது. முப்பத்தொன்பது பேர் உள்ளே போயினர். அவள் நாற்பதாவதாக வந்து நின்றாள். கணக்கர் அவளைப் பார்த்தார், இடுப்பிலிருந்த சுறவனைப் பார்த்தார், பின் தலைவரைப் பார்த்தார்.

"தலைவரே, ஆணைப்படி இங்க ஒரு தலைக்குத்தான் இடம்."

"அரண்மனைலேருந்து விடை வந்துச்சா?" என்றார் சேந்தனார்.

"வரலீங்க."

வரிசையில் நின்றவர் அனைவரும் அவர் முகத்தையே பார்த்தனர். முந்தின நாள்களில் இதே போன்று குழவியோடு வந்த ஐந்து தாய்மாரை அவர் மறுநாள் வரச் சொல்லித் திருப்பியிருந்தார்; அவ்வாறு மறுநாள் உள்ளே வந்தவர்களில் இருவர் அப்போது அங்கே நின்றார்கள். தம் வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளை மட்டும் உள்ளே விட அவர் நா எழவில்லை.

"நாளைக்கு மொத ஆளா நில்லு தாயி. மொத ரெண்டு தலையா உங்க ரெண்டு பேரையும் எழுதச் சொல்றேன்" என்றார்.

அடும்பி முதன்முறையாக அவரைக் குரல் உயர்த்திக் கேட்டாள்: "இவன் என் இடுப்புலதான இருக்கான் அய்யா? இவன் எங்க தனியா நிக்கிறான்?"

வாயில் சாத்தப்பட்டது; எஞ்சியோர் அக்கரைத் தாழ்நிலத்துக்குத் திரும்பினர்.

மறுநாள் விடியலில் மேல்மலையில் பெய்த மழை வரியாற்றில் இறங்கியது. தாழ்நிலத்தில் இருந்தவர்கள் எழுந்திருக்கும் முன்பே முழங்கால் அளவு நீர். எழுந்து ஓடும் முன் மார்பளவு. சேந்தனார் மதிலிலிருந்து கண்டார். யாரையும் கேட்கவில்லை, ஆணையை நினைக்கவும் இல்லை. இரு கதவையும் திறந்துவைக்கச் சொல்லி, முதற்படகில் தாமே ஏறினார். நண்பகல் வரை ஒன்பது படகுகள் போய்ப் போய் வந்தன. மேட்டுக்கு ஏறித் தப்பியோர் போக, நூற்று முப்பது பேரை நீரிலிருந்து மீட்டு உள்ளே கொணர்ந்தனர். பதினாறு பேர் இறந்தனர். அவருள் ஒருவன் சுறவன்.

அடும்பி ஒரு மருதமரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேந்தனாரின் படகு அருகே போனபோது அவள் ஏற மறுத்தாள். பிள்ளை எந்தப் பக்கம் போனான் என்று மட்டும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். படகோட்டி இருவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து ஏற்றவேண்டியதாயிற்று.

நாம் மூன்றாம் நாள் மருதந்துறை சென்றோம். சேந்தனார் தம் பதவிக் கணையாழியைக் கழற்றி நம் முன் வைத்து, "தொறக்கக் கூடாதப்போ தொறந்தேன், அதுக்குத் தண்டனை குடுங்க தாயே. மொத நாள் சாத்துனதுக்கு யாருகிட்டப் போயித் தண்டனை கேப்பேன்னு தெரியல" என்றார். அவரை இருக்கையில் தொடரச் சொன்னோம். ஆணை நம்முடையது, தாமதமும் நம்முடையது என்றோம். அவர் ஏற்கவில்லை. இன்று எழினியைத் தம் தமக்கையின் வீட்டில் விட்டு, அக்கரைத் தாழ்நிலத்தில் மேடு எழுப்பும் கூலியாள்களோடு மண் சுமக்கிறார். நம் பணியாள் எவரேனும் அவரைத் தலைவரே என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

அடும்பி மீண்டும் அக்கரைக்கே போய்விட்டாள். சுறவனை அங்கேதான் புதைத்தார்கள். அவளுக்கு நம் கையால் முத்திரை ஒன்று கொடுத்தனுப்பினோம். கொண்டுபோனவன் கூறியது: அவள் அதை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தாள், "இத வச்சுக்கிட்டு நான் எங்க போறது?" என்று கேட்டுத் திரும்ப அவன் கையிலேயே வைத்துவிட்டாள். எழினி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்தாளாம்.

இனி நம் ஆணை. நூற்று முப்பது பேரையும் எவரும் திருப்பி அனுப்பற்க. அவர்க்கு முத்திரை வழங்கப்படும். நாளொன்றுக்கு நாற்பது என்ற அளவு நிற்கும். அதை உயர்த்துமாறு வேண்டிய அமைச்சரிடம் நாம் மருதந்துறைக் கிணற்றைக் காட்டினோம், அவரும் தம் வேண்டுகோளைக் கைவிட்டார். நான்கு வயது நிரம்பாத குழவி தாயோடோ தந்தையோடோ வரின், அது தனித்தலை ஆகாது. வாயிலில் எழும் ஐயத்தை எமக்கு எழுதி மூன்று நாளில் விடை வாராதாயின், காவற்றலைவர் வந்தவர் பக்கம் சாய்ந்து முடிவு செய்க. அதற்கு அவரைக் குறைகூறுவார் இல்லை. அக்கரையில் காத்திருப்போர் தாழ்நிலத்தில் தங்கலாகாது. அவர்க்கு மேடு அமைப்பது இனி வாயில் காப்போர் கடன்.

இவை செய்தபின்னும் வரிசை குறையாது. நாளைக்கும் நாற்பத்தொன்றாவதாக ஒருவர் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவது உம் மூவரின் பணியாகவே இருக்கும். இதை எளிதாக்கும் சொல் எம்மிடம் இல்லை.

இவ்வோலையை மூன்று வாயிலிலும் வரிசையில் நிற்போர் செவிபட உரக்க வாசிப்பிக்க. எம் அரண்மனையில் ஓலை ஒன்பது நாள் கிடந்த பகுதியை நம் மதிப்புக் கருதி விட்டு வாசிப்பவர் எவராயினும், அவர் அன்றே பணி நீங்குவாராக.

ஐப்பசித் திங்கள் இருபத்தேழாம் நாள், வெண்குன்றத்து மேல்மாடத்தில் நாம் சொல்ல எழுதப்பட்டு, நம் கையால் குன்றும் மதியும் பொறித்த இலச்சினை இடப்பட்டது. நல்லிறைவி.