மதிலுக்கு அந்தப் பக்கம்

அக்கா,

இன்று காலை நம் தெருமுனையில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். மேலே கொட்டியிருந்த செம்மண் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அதற்கடியில் கருப்புக் களிமண்ணும் நத்தை ஓடுகளும் வந்தன. சேற்று வாடை நம் இரண்டு வீட்டு மாடிவரை ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை கீழே போய்ப் பார்த்துவிட்டேன். உட்கார முடியவில்லை.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது, பள்ளிக்கரணை சதுப்பு வந்ததும் அந்தமானில் இருந்த உங்கள் அப்பாவின் வயலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பீர்கள். "சுனாமி அன்னிக்கு பூமி ஆடி நின்னப்போ வயல் அங்கயேதான் இருந்துச்சு. ஆனா தரை எறங்கிடுச்சு. உள்ள வந்த கடல் திரும்பிப் போகவே இல்ல." பிறகு வெளியே புதுக் கட்டடங்களைக் காட்டுவீர்கள். "இங்க மண்ணக் கொட்டி மேடாக்குறாங்க. இருந்த தண்ணி எங்க போகும்னு யாராவது கேட்டாங்களா?"

சில வருடங்களுக்கு முன் பெய்த அந்தப் பெருமழையில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர். தெருக்கோடி மதில்தான் அதைத் தடுத்து நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், ஓட்டு வீடுகள். தண்ணீர் வடிய மதிலை இடிக்கக் கடப்பாரையோடு வந்த நம் தெருக்காரர்கள் முன்னால் நீங்கள் மதிலில் சாய்ந்து நின்றுகொண்டீர்கள்.

"கீழ புள்ளைங்க இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, சொல்லிட்டு வந்துடறேன்."

"அதுக்குள்ள எங்க பெட்ரூமுக்கே தண்ணி வந்துடும்மா" என்றார் ஒருவர்.

நான்தான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்கக்கா, நமக்கெதுக்கு?"

நீங்கள் விலகியதும் மதில் விழுந்தது. சுற்றுவழியாகக் கீழே ஓடினீர்கள்; நானும் பின்னால் வந்தேன். கட்டில்மேல் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "ஒரு வார்த்த சொல்ட்டு ஒட்ச்சிருக்கலாம்ல?" என்று கேட்டாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசி, துணி, பள்ளிப் புத்தகம் எல்லாம் போயின.

அதன்பிறகும் என்னோடு பேசினீர்கள், சிரித்தீர்கள். வயலைப் பற்றி மட்டும் சொல்லவேயில்லை. மாரடைப்பு உங்களைக் கொண்டுபோகும்வரை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மதிலைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். போன ஐப்பசியில் மறுபடி தண்ணீர் நின்றது. கடப்பாரையும் வந்தது. "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று கத்திவிட்டுக் கீழே ஓடினேன். வீடு வீடாகக் கதவைத் தட்டி, சாமான்களை மேலே ஏற்றினோம். பிறகுதான் இடித்தார்கள். தண்ணீர் அதே வீடுகளுக்குள்தான் போனது.

"இந்த தபா சொன்னியே, அது போதும்க்கா" என்றாள் அந்தப் பெண்.

எனக்குப் போதவில்லை. இப்போதெல்லாம் வானம் இருட்டினாலே செருப்பை மாட்டிக்கொண்டு கீழ்த்தெருவுக்கு இறங்கிவிடுகிறேன், அக்கா.