உப்புப் பூத்த எஞ்சின்

2006 ஜூன் 12, திங்கள்
காலையிலிருந்து தூறல். பட்டறைக்குள்ளேயே மேகம். பதினோரு மணிக்கு லாரியில் வந்து இறங்கியது என் பழைய முதலாளியின் ஜப்பான் கார். ஒன்பது வருஷம் பெரும்பாறைத் தோட்டத்து ஷெட்டில் கிடந்தது. டிரைவர் கொண்டுவந்த சேதி: "கெடுத்தவனே சரி பண்ணட்டும்னாருங்க."
அதற்கு முன் கடைசியாக இதன் தண்ணீர் சீல்களை, எஞ்சினுக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை, மாற்றியவன் நான். மறுநாள் அவர் சாவியைத் திருப்பியதும் வெள்ளைப் புகை. எஞ்சின் இறுகிவிட்டது. காப்பிக் களத்தில் அத்தனை பேர் பார்க்க என்னை அறைந்து வேலையைவிட்டு அனுப்பினார். என் தப்புதான் என்று இன்றுவரை நானும் நம்புகிறேன்.

ஜூன் 13, செவ்வாய்
எஞ்சின் இறக்கியாச்சு. ரோட்டரி. பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு. அசையவில்லை. டீசல் ஊற்றி ஊறவிட்டேன். பல்வலி வேறு.

ஜூன் 14, புதன்
பிரித்தேன். ஐயோ.
இரும்புத் தட்டு 3 – இரண்டு தேறும். ஒன்றில் குழி, நகம் மாட்டுகிறது.
ஹவுசிங் 2 – உள்பக்கக் குரோம் சருகாய் உரிகிறது. போச்சு.
ரோட்டர் முனை சீல் – துருவில் ஒட்டிப்போச்சு.
ஷாஃப்ட் – பரவாயில்லை.
தண்ணீர் சீலைப் பார்க்கத் தைரியம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். எல்லாம் முழுசு. வைத்தது வைத்தபடி. கசிந்த தடமே இல்லை.
அப்படியென்றால் தண்ணீர் எப்படி உள்ளே போனது? கார்புரேட்டருக்குக் கீழே வழிநெடுக வெள்ளைப் படிவு. நாக்கில் வைத்தேன். உப்பு.
யாரோ ஊற்றியிருக்கிறார்கள். 

ஜூன் 15, வியாழன்
ஹவுசிங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பெரும்பாறைக்கு பஸ். முதலாளி வராந்தாவில். அவர் மனைவி கமலம்மா காப்பி தந்தார்.
"சீல் நல்லாத்தான் இருக்குங்க. யாரோ உப்புத்தண்ணிய..."
"நாந்தான் ஊத்துனேன்," என்றார் கமலம்மா.
முதலாளி சிரித்தார். "என்ன ஒளறுற?"
"அஞ்சு வயசுப் புள்ளைய மடியில வச்சுக்கிட்டு அந்த எறக்கத்துல பறந்தீங்கள்ல. சொன்னா கேட்டீங்களா? இவன் வேலை பாத்த மறுநா வெள்ளனே வந்து பாத்தேன், எஞ்சினுக்கு மேல மூடி தெறந்து கெடந்துச்சு. ஒரு சொம்பு உப்புத்தண்ணிய ஊத்துனேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஒன்னைய அடிப்பாருன்னு நெனைக்கல தம்பி. அப்பறம் சொல்ல வாய் வரல."
அடி வாங்கிய அன்று என் பையை வாசல்வரை எடுத்து வந்து கொடுத்தவர் இவர்.  கோபம்கூட வரவில்லை. எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, சனி
வெயில். முதலாளி தனியாக வந்தார். இரண்டு நாள் தாடி.
"ஓடுமாடா?"
"ஹவுசிங் ரெண்டும் புதுசு வேணுங்க. இங்க கெடைக்காது."
அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "திண்டுக்கல் ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணுக்குப் போன் போட்டேன். அந்தக் கார்ல போறப்ப பயந்தியாம்மான்னு கேட்டேன். 'எறக்கம் வந்தா கண்ண மூடிக்குவேன்ப்பா'ங்குறா. சிரிச்சுக்கிட்டு வருதுன்னுல்ல நெனச்சேன்."
என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நின்றபடியே அழுதார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.