மலை திருப்பிக் கொடுத்தது

நம் மகள் பெர்மெத்தின் அப்பாவுக்கு,

முதலில் திட்டிவிடுங்கள், பிறகு படியுங்கள். உங்கள் பெட்ரோல் காரை விற்றுவிட்டேன். இரண்டு பசுக்களையும் விற்று, மின்சாரக் கார் வாங்கி, அதில்தான் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறேன்.

நேற்று கணவாய் உச்சியில் பேட்டரி முப்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது. பின்சீட்டில் உங்கள் சித்தப்பா.

"சத்தமே இல்லையே, உசுரோட இருக்கா இது? என்னை எறங்கித் தள்ளச் சொல்லிடாதே தாயி!"

"பேசாம வாங்க மாமா."

சொன்னேனே தவிர, என் கண் பேட்டரி எண்ணிலேயே இருந்தது. பிறகு இறக்கம். பெடலிலிருந்து காலை எடுத்தேன். வளைவுக்கு வளைவு எண் ஏறியது: முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. அடிவாரத்தில் முப்பத்தேழு! மலை இறங்கினால் சக்கரம் சுழன்றே மின்சாரம் ஊறுகிறது, நம்புவீர்களா?

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஏறினதுக்கு மலையே திருப்பிக் குடுக்குதேம்மா" என்றவர், தொழுகை முடிந்ததுபோல் இரு கைகளாலும் முகத்தைத் தடவி, "ஓமின், அப்படியே ஆகட்டும்" என்றார்.

பெட்ரோலில் மிச்சமாவது, நீங்கள் மாஸ்கோவில் வேலை பார்த்து மாதாமாதம் அனுப்பும் பணத்துக்குக் குறைவில்லை. இந்த மாதம் எனக்கு அனுப்ப வேண்டாம். ஊருக்கு வர விமான டிக்கெட் என்ன விலை என்று விசாரியுங்கள்.

முன்சீட்டில் நான் யாரையும் ஏற்றுவதில்லை.

இப்படிக்கு,
வண்டிக்காரியாகிவிட்ட உங்கள் மனைவி