உன் கோபத்துக்குக் கைதட்டல்

என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இன்னும் தலையணைக்கு அடியில்தான் ஒளிக்கிறாரா?

ஜெயித்துவிட்டேன்! நேற்று படப்பிடிப்பில் என் முதல் பெரிய காட்சி. கதைப்படி மகன் வெளியூர் கிளம்புகிறான். அப்பனான எனக்கு ஆத்திரம். நாடகத்தில் கடைசி வரிசைவரை கேட்கக் கத்திய தொண்டை ஆயிற்றே, கத்தினேன்.

"சார், கேமரா மூக்குக்கு முன்னாடி இருக்கு. எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?" என்றார் டைரக்டர்.

மறுபடியும் கத்தினேன். வேறு நடிகருக்குப் போன் போடச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பயப்படாதே, மேலே படி.

கட்டிலில் மகனின் சட்டைகள் கிடந்தன. நான் சினிமாவுக்குக் கிளம்பிய அன்று நீ ஒரு வார்த்தை பேசாமல், என் சட்டைகளைப் படார் படாரென்று உதறி மடித்தாயே, அதையே செய்தேன். வசனமே பேசவில்லை. கடைசிச் சட்டையை மட்டும், உன்னைப் போலவே, உதறாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

டைரக்டர் கட் சொல்லவே மறந்துவிட்டார். முதலில் கைதட்டியது லைட்மேன்.

"அண்ணே, எங்க வீட்டுலயும் இதே கோபம்தான்!"

டைரக்டருடைய அடுத்த படத்திலும் நான்தான் அப்பா!

நான் மடித்தால் சட்டை கசங்குகிறது. எப்படி மடிப்பாய் என்று எழுது. வேண்டாம், சமையலறையோடு ஒரு வீடு பார்த்துவிட்டேன். அப்பாவையும் அந்தத் தலையணையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. "என் கோபத்தையே காசாக்கிட்டீங்களா?" என்று நீ போடப்போகும் சண்டையை இங்கேயே போடு.

கார் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உன் கோபத்தால் பிழைத்த,
உன் கணவன்