முதல் வரியில் காரணம்

கருநீராற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் யானைப்படையை உடனே தங்கள் கரைக்கே திருப்பியருள்க. மீதியைப் பிறகு படிக்கலாம்.

திருப்பியாயிற்றா? இனி முறைப்படி வாழ்த்து.

மலைதோறும் கொடி பறக்க, மாரி தவறாது பொழிய, ஆற்றங்கரைப் பாசறையில் படையோடு எழுந்தருளியிருக்கும் முல்லைக்கோட்டுப் பேரரசி எழில்மாதேவியாரின் திருமுன், வெண்கரை நாட்டார் தடுத்து வைத்திருக்கும் தங்கள் தூதன் பெருஞ்சாத்தன் தலைதாழ்ந்து விடுக்கும் ஓலை.

பகைவரின் எழுத்தர்களுக்கு ஓலை எழுதக் கற்றுக்கொடுக்கும் துரோகி என்று சேனாபதி கொற்றனார் அடியேனை அவையில் பழித்ததாகவும், அடியேனின் தலைக்காகவே படை புறப்பட்டதாகவும் கேள்வி. கற்றுக்கொடுப்பது மெய். துரோகம் பொய்.

அடியேனின் பழைய ஓலைகளைத் தேவியாரின் அவை தேனென்று புகழ்ந்ததுண்டு. செய்தி எங்கே என்று கேட்டவர் ஒருவருமில்லை. இங்கே கேட்டார்கள். இந்நாட்டு எழுத்துச் சாலையில் ஒரு வழக்கம்: ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க, மூன்றாமவர் கேட்டு, ஓலை சொன்னதைச் செய்ய எழுந்து போகவேண்டும். அடியேனின் மாதிரி ஓலையைக் கேட்டவர் எழவேயில்லை. தலைமை எழுத்தர் நக்கணார், ஐயா எங்களை வரச் சொல்கிறீரா, போகச் சொல்கிறீரா, இல்லை சும்மா உட்கார்ந்து அழகு பார்க்கச் சொல்கிறீரா என்று வினவ, சாலையே சிரித்தது.

அன்றுமுதல் அவர்கள் ஓலையில் எதை வெட்டச் சொன்னேனோ, அதை என் ஓலையிலும் வெட்டவேண்டியதாயிற்று. வெட்டாவிட்டால் விடுவார்களா? இந்தச் சொல் எதற்கு என்று கேட்க ஆளிருக்கையில், விடையில்லாத சொல்லை எழுத எழுத்தாணியே கூசுகிறது. பழைய பெருஞ்சாத்தன் எழுதியிருந்தால், யானைகள் நடு ஆற்றைத் தாண்டிய பிறகும் சேனாபதியார் தேவியாரின் விருதுப்பெயர்களையே படித்துக்கொண்டிருப்பார்.

இப்போது அவசரத்தின் காரணம். நேற்று நம்மேல் போர் அறிவிக்கும் ஓலையை எழுதுமாறு இச்சாலைக்கு ஆணை வந்தது. காரணம் முதல் வரியில் வரவேண்டும் என்பது அடியேன் விதித்த முறை. நக்கணார் எல்லை என்று எழுதினார்; எந்த எல்லை என்றதற்கு, அதுதான் வருடா வருடம் நகர்கிறதே என்று தலையைச் சொறிந்தார். இன்னொருவர் மானம் என்றார். யாருடைய மானம், என்ன கொடுத்தால் மீளும் என்றதும் தம் ஓலையைத் தாமே கிழித்தார். கடைசி வரிசையில் அமரும் மாணவர் ஒருவர், அவர் பெயரைப் பின்பு சொல்கிறேன், ஓலைமேல் ஓலையாக வீணாக்கிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்தார். ஒரு வரி எழுத வராத காரணத்துக்கு ஊரார் பிள்ளைகளைச் சாகக் கொடுப்பானேன் என்று கேட்டு எழுந்து போனார். போர் ஓலை அந்த அளவில் நிற்கிறது.

நம் யானை ஒன்று இக்கரையில் கால் வைத்தாலும், அவர்கள் தேடிய முதல் வரியை நாமே எழுதிக்கொடுத்தவர் ஆவோம்.

விடிந்ததும் ஆயுதமற்ற படகு ஒன்று வரும். அதன்மேல் ஓர் அம்பும் விழலாகாது. அடியேனோடு அம்மாணவரும் வருகிறார். தேவியாரின் இருக்கைக்குச் சமமான உயரத்தில் அவருக்கும் இருக்கை இடுவிக்க. இதில் ஒரு சொல் பொய்த்தாலும் அடியேனின் தலை சேனாபதியாருக்கே உரியது.

இது பெருஞ்சாத்தன் கையெழுத்து. இடப்புறம் இருப்பது என் முத்திரை. வலப்புறம் இருப்பது அந்த மாணவருடையது: வெண்கரை வேந்தர் அரிமாவேள்.