அந்தக் கடைசிக் கஞ்சிக்கு நீதான் சாட்சி

என் அக்காச்சிக்கு,

நீ போய் இது மூன்றாவது மாரி. கடல் இரைந்தால் வெள்ளவத்தையில் உன் வீட்டு யன்னல்கள் இப்போதும் அதிர்கின்றன. உன் வீடு என்றுதான் எழுத வருகிறது. நீ போன சில மாதங்களில், பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளைகளுக்காக என்று சொல்லி, என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். இதை உனக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் எப்படிச் சொன்னார்கள்? அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் பாலனைப் பற்றிச் சொல்கிறேன். நீ பச்சைக் குழந்தையாக விட்டுப்போனவன். டின்பாலும் பசுப்பாலுமாக எப்படியோ ஓடியது. பல் முளைக்கத் தொடங்கியதும் குரக்கன்மாக் கஞ்சி காய்ச்சினேன். உலக யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் ஆகிவிட்டதால் வீட்டில் எல்லாருக்கும் கடைப்பாண் ரொட்டியும் கிழங்கும்தான். அவனுக்கு மட்டும் தனியாக, சின்னச் சட்டியில் கஞ்சி. ஆனால் பிள்ளை தேறவில்லை. கால்கள் குச்சியாகின. அழுவதற்குக்கூடச் சத்தம் வரவில்லை.

பால்காரனைச் சந்தேகித்தேன். பசுவை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, என் கண்முன்னே கறக்கவைத்தேன். பால் நல்ல பால்தான். பிறகு மா விற்றவன் எதையோ கலக்கிறான் என்று நினைத்து, குரக்கனை வாங்கிக் கழுவிக் காயவைத்து நானே திரித்தேன். ஒன்றும் மாறவில்லை.

காலி வீதியில் இருக்கும் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. சாப்பாடு உள்ள போகேல்லை. நீங்கள் தாயோ?"

"சின்னம்மா. தாய் இல்லை. இப்ப நான்தான்..."

அவர் என் கழுத்துத் தாலியைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். "ஒழுங்காச் சாப்பாடு குடுங்கோ," என்றார். அந்த 'ஒழுங்கா' வீடு வந்து சேரும்வரை என்னைக் குத்தியது. என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார், அக்கா?

கஞ்சி காய்ச்சுவது நான். தீத்துவது உன் மூத்தவள் பரமேஸ். பாலன் வேறு யார் கையிலும் வாய் திறக்கமாட்டான். பதினொரு வயதுப் பிள்ளை தம்பியை மடியில் வைத்துத் தீத்துவதைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பு என்று பெருமைப்பட்டவள் நான். அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அத்தான் ஒரு வாய் வைக்கும்வரை சாப்பாட்டில் கை வைக்கமாட்டாள். தகப்பனுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

டொக்டரிடம் போய்வந்த அடுத்த நாள் மத்தியானம், கஞ்சியைக் கொடுத்துவிட்டுக் குசினி யன்னலில் நின்று பார்த்தேன். அவள் கோப்பையோடு பின்வளவுக்குப் போனாள். சுற்றும் பார்த்தாள். கஞ்சி முழுவதையும் வாழையடியில் ஊற்றி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து பாண் துண்டு ஒன்றை எடுத்து, தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தம்பிக்குத் தீத்தினாள். காலையில் நான் அவளுக்குச் சாப்பிடக் கொடுத்த பாண். கடையில் வாங்கியது. என் கைபட்டுச் சமைக்காதது.

போய் முன்னால் நின்றேன். "ஏன் பிள்ளை ஊத்தினனீ?"

தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண்ணில் துளி நீர் இல்லை.

"அம்மாவுக்கும் நீங்கள்தானே கஞ்சி குடுத்தனீங்கள். அதைக் குடிச்சாப் பிறகுதானே அம்மா செத்தவ."

யார் இதைச் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சொன்னாவாம்: "தங்கச்சிக்காரி அப்பவே உன்ர அப்பரில கண் வச்சிட்டாள். கவனமடி பிள்ளை, ஆர் என்னத்தைக் கலந்து தருகினமோ!" எல்லாரும் சாப்பிடும் சட்டியில் அப்பாவும் சாப்பிடுகிறார், அதில் பயமில்லை. தம்பிக்கென்று தனியாகக் காய்ச்சும் சட்டிதான் பயம். பிள்ளை எவ்வளவு யோசித்திருக்கிறாள், பார்த்தாயா?

அக்கா, அந்தக் காலையில் நீ காய்ச்சலோடு கேட்டாய். "உள்ளி போட்டுக் கொஞ்சம் கஞ்சி தாடி" என்றாய். அரிசி, உள்ளி, உப்பு. மூன்று கரண்டி குடித்தாய். அறையில் நாம் இருவர்தான். அதில் வேறொன்றும் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீயோ இல்லை. நான் யாரைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைப்பேன்?

அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளை அடிப்பார். அடித்தால் அவள் சந்தேகம் உறுதியாகும். சின்னச் சட்டியையும் மா வைக்கும் பேணியையும் அவள் கையில் கொடுத்தேன். "நீயே காய்ச்சு. நான் தொடமாட்டன்," என்றேன்.

நம்பாமல்தான் வாங்கினாள். நான் குசினி வாசலில் நின்று வாயால் மட்டும் சொன்னேன். "மாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சுப்போட்டு ஊத்து, கட்டிபடாது." பிறகு, "கொஞ்சம் தேங்காய்ப்பால் விடு." சொன்னதை உடனே செய்யமாட்டாள், சற்று யோசித்துவிட்டுத்தான் செய்வாள். பாலன் கோப்பையை வழித்தான். கஞ்சியிலிருந்து குழைத்த சோற்றுக்கும், முட்டை மஞ்சட்கருவுக்கும், முள் பார்த்து எடுத்த மீனுக்கும் அவன் வந்து சேர்ந்தது அவள் கையால். இப்போது வளவெல்லாம் ஓடுகிறான். அவன் கால்களை நீ பார்க்கவேண்டும்.

பக்கத்து வீட்டு மாமியிடம் சண்டைக்குப் போகவில்லை. அவ பலகாரம் தந்தால் சிரித்துக்கொண்டு வாங்குகிறேன். வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அத்தானுக்கும் அந்தக் கதை காதில் விழுந்திருக்குமோ என்று, கந்தோர் வேலை முடிந்து வந்ததும் அவர் முகத்தைத் தேடிப் பார்க்கிறேன். அவரும் சில வேளை என்னைத் தேடிப் பார்ப்பது போலிருக்கிறது. எனக்கும் இந்த நோய் தொற்றிவிட்டதா?

இனித்தான் பெரிய செய்தி. போன கிழமை பரமேஸ் பெரியபிள்ளையாகிவிட்டாள்.

துடக்கு என்று அவளைத் தனியறையில் இருத்தினோம். குசினிப் பக்கம் அவள் வரக்கூடாது. தம்பிக்கும் அவளுக்கும் இனி என் கையால்தான் சாப்பாடு, வேறு வழியில்லை. அவளுக்கு அது புரிந்த கணத்தில் முகம் வெளிறியதை நான் கண்டேன்.

விடிய, பச்சைமுட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். விரும்பியா, வேறு வழியின்றியா? என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு, தேடி அலைந்து வாங்கிய உளுந்தில் களி கிண்டி எடுத்துப்போனேன்.

"தம்பி சாப்பிட்டவனோ?" என்றாள்.

"ஓம். பாயில கிடந்து விளையாடுறான். சத்தம் கேக்குதெல்லே?"

காது கொடுத்துக் கேட்டாள். களியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"பனங்கட்டி காணாது, சின்னம்மா."

அக்கா, குறை சொன்னாள்! பயந்த பிள்ளை குறை சொல்லாது. ஒன்றும் பேசாமல் ஊற்றிவிடும். ஓடிப்போய்ப் பனங்கட்டி சீவிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் நிலமெல்லாம் கொட்டினேன். "பாத்துப் போடுங்கோ," என்று அதற்கும் ஒரு அதட்டல்.

அவள் முழுதாக நம்பிவிட்டாள் என்று உனக்கு எழுதமாட்டேன். எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லி ஒருநாளும் கேட்கமாட்டேன். அந்தக் காலையைப் பற்றி அவளாகக் கேட்கும் நாள் வந்தால், கோபப்படாமல், உன் கடைசிச் சொல்வரை சொல்வேன். அதுவரை இரண்டு பேரின் வயிறும் காயாது.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைகளுக்குச் சின்னம்மா