கேட்காமல் போட்ட டிக்கெட்

மாமாவுக்கு,

இங்கிலாந்தில் நர்ஸ் லைசென்ஸுக்கு வைக்கும் செய்முறைத் தேர்வில் நான் ஃபெயில்தான். மறைக்க ஒன்றுமில்லை. நோயாளியாக நடிக்க வந்தவள் வலியில் முனகினாள். ராசிபுரத்தில் பிரசவ வார்டில் பழகிய கை, சும்மா இருக்குமா? "ஒண்ணுமில்ல சாமி, நானிருக்கேன்" என்று தமிழிலேயே சொல்லி, அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டேன். தொடலாமா என்று முதலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று ஆத்திரமாக வந்தது. இப்போது அந்த விதி எனக்குப் பிடித்துவிட்டது.

நேற்று போனில், "போனது போச்சு, டிக்கெட் போட்டாச்சு, பொறப்பட்டு வா" என்றீர்கள். நீங்கள் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் வரை போய் போர் போடுகிறவர். ஒரு குழியில் தண்ணீர் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கா வருகிறீர்கள்? தள்ளி நிறுத்தி அடுத்த குழி போடுகிறீர்கள். நானும் மறுதேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். வருகிறாயா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட டிக்கெட் அது. நான் எதில் ஃபெயில் ஆனேனோ, அதிலேயேதான் நீங்களும் ஃபெயில் ஆகியிருக்கிறீர்கள் மாமா. நான் மறுபடி முயன்று பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி